‘கடல்’: அலையும் புதைகுழியும்

மணிரத்னத்தின் ‘கடல்’ (2013) படத்தில் ராஜீவ் மேனனின் ஒளிப்பதிவு அள்ளிக்கொண்டு போகிறது. ஆனாலும், மனதை விட்டு அகலாதது தொடக்கத்தில் வரும் ஒரு சாவுதான். பாலியல் தொழிலாளி என்பதால் அந்தத் தாயின் உடலுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, மணலில் புதைக்கிறார்கள். அவளுடைய சிறுவன் அநாதையாகிறான்.

படத்தில் அதற்குக் காரணம் அவள் தொழில். நம் ஊர்களில் சாதியே போதுமானதாக இருந்திருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துச் சுவரே எழுப்பினார்கள்.

இடம் மறுத்தது ஊர். கதையோ ஊரை விட்டுவிட்டு, நல்ல பாதிரியாருக்கும் கெட்டவனுக்குமான சண்டையாகச் சுருங்குகிறது. ஒரு வில்லன் கிடைத்ததும் ஊரின் குற்றம் மறந்துபோகிறது. படத்தின் பெரும் பிழை இதுவே.

மாணவர்களே, அலைகளை ரசியுங்கள். அந்தப் புதைகுழியையும் மறக்காதீர்கள்.