பணம் போயிற்று, சீட்டு வரவில்லை: இணையவழி நுழைவுச்சீட்டில் நேரும் பிழைகள்

விழாக் காண விழைதல் மாந்தர் இயல்பு. மணிமேகலையின் முதற்காதை விழாவறை காதை. இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழாவைப் புகார் நகரத்தார்க்கு முரசறைந்து அறிவிக்கும் செய்தியை அங்குக் காண்கிறோம். முரசொலி கேட்டவர் பலரும் விழாவிற்கு வந்தனர். இருக்கை எண் கேட்பாரும் இல்லை, நுழைவுச்சீட்டைக் கிழிப்பாரும் இல்லை. பின்னாளில் நம் சேலம், நாமக்கல் சமவெளிச் சிற்றூர்களில் டூரிங் கொட்டகைகள் எழுந்தபோது, சீட்டு வாங்கக் கம்பித் தடுப்புக்குள் நசுங்கி நின்ற தலைமுறை நம்முடையது. அங்கும் ஏமாற்றம் உண்டு. ஆயின் அவ்வேமாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. சீட்டு தீர்ந்துவிட்டால் பலகை தொங்கும். கையில் உள்ள காசு கையிலேயே இருக்கும்.

இற்றைநாளில் நிலைமை வேறு. சென்னையிலும் கோவையிலும் நிகழும் இசை நிகழ்ச்சிக்கும், 2022 முதல் நம் வாழப்பாடித் திடலிலேயே காணக் கிடைத்த தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கும், கைபேசி வழியே சீட்டு வாங்கும் பழக்கம் மாணவரிடையே வேரூன்றிவிட்டது. இங்கு நேரும் பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. திரை சற்றே சுழலும், பின்னர் வெறுமையாகும், அவ்வளவே. காசு எங்கே, சீட்டு எங்கே என்பது விளங்காது. தமிழ்த்துறை மலரில் இக்கட்டுரைக்கு என்ன வேலை என வினவுவார் இருக்கலாம். நம் துறை மாணவர் ஒருவர்க்கு நேர்ந்த இடரே இதனை எழுதத் தூண்டியது.

இராசிபுரத்தை அடுத்த ஊரிலிருந்து வரும் இரண்டாமாண்டு மாணவர் அவர். தந்தையார் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் பணிபுரிபவர். ஆண்டின் பெரும்பகுதி வடமாநிலங்களில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதிலேயே கழியும். கோவையில் ஓர் இசை நிகழ்ச்சிக்குச் செல்ல விரும்பிய நண்பர் ஒன்பதின்மர் தலைக்கு 500 ரூபாய் எனத் திரட்டி, 4,500 ரூபாயை இவர் கணக்கிற்கு அனுப்பினர். கைபேசியில் வல்லவர் என்ற பெயரே இவருக்கு வினையாயிற்று. மறுநாள் காலை முதல் வகுப்பு முடிந்ததும் நம் அறை வாயிலில் வந்து நின்றார்.

"ஐயா, காசு போயிடுச்சுங்க. டிக்கெட் வரலீங்க. பசங்க நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க."

4,500 ரூபாய் பெருந்தொகை அன்று எனச் சிலர் கருதலாம். மாதந்தோறும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாயை எண்ணிச் செலவிடும் மாணவர்க்கு அது பெருந்தொகையே. அதனினும் பெரிது, உடன் பயிலும் ஒன்பது பேர் தம்மை ஐயுறுகின்றனர் என்னும் துயரம்.

இத்தகைய பிழை எவ்வாறு நேர்கிறது என்பதை நம் கல்லூரி வழக்கம் ஒன்றைக் கொண்டே விளக்கலாம். முன்னர்த் தேர்வுக் கட்டணத்தை வங்கியில் செலான் வழியே செலுத்துவோம். வங்கியார் பணத்தைப் பெற்று, முத்திரையிட்ட பகுதியைத் திருப்பித் தருவர். அதனைக் கல்லூரி அலுவலகத்தில் ஒப்படைத்த பின்னரே நம் பெயர் பதிவேட்டில் ஏறும். வழியில் அத்தாள் தொலைந்துவிட்டால் என்னாகும்? வங்கிக் கணக்கில் பணம் இருக்கும்; கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இராது. இருவரில் எவரும் பொய்யர் அல்லர்.

இணையவழி விற்பனையிலும் இவ்வாறே குறைந்தது மூன்று வீடுகள் உள. சீட்டு விற்கும் நிறுவனம் ஒன்று. பணத்தை வாங்கிச் சேர்க்கும் இடைநிலை அமைப்பு மற்றொன்று. நம் வங்கி மூன்றாவது. நாம் இருக்கையைத் தேர்ந்ததும் அந்நிறுவனத்தின் கணினி அவ்விருக்கையைச் சில நிமிடங்கள் மட்டும் நமக்கெனப் பூட்டி வைக்கிறது. பின்னர் நம்மை இடைநிலை அமைப்பிடம் அனுப்புகிறது. நாம் இரகசிய எண்ணை இட, வங்கி பணத்தைக் கழிக்கிறது. "பணம் வந்தது" என்னும் செய்தி, சென்ற வழியே திரும்பி, பூட்டிய நேரம் முடியுமுன் நிறுவனத்தை அடைதல் வேண்டும். அடைந்தால் சீட்டு பிறக்கும். செய்தி வழியில் தடைப்பட்டாலோ, காலந் தாழ்ந்து வந்தாலோ, இருக்கை வேறொருவர்க்குப் போய்விடும்; பணம் நடுவழியில் நிற்கும். செலான் தாள் தொலைந்த கதையேதான் இது.

நம் மாணவர்க்கு நிகழ்ந்தது இரண்டு படிகளாக நிகழ்ந்தது. முதலில் அவர் தந்தையாரின் வங்கி அட்டையைப் பயன்படுத்தியுள்ளார். ஒருமுறைக் கடவுச்சொல்லாகிய ஓ.டி.பி. எவருடைய எண்ணுக்குச் செல்லும்? வங்கியில் பதிந்துள்ள எண்ணுக்கே செல்லும். அவ்வெண் தந்தையாரின் சட்டைப்பையில், ரிக் வண்டியின் பேரிரைச்சலுக்கு நடுவே இருந்தது. அவர் அதனைப் பார்த்தபோது நேரம் கடந்திருந்தது. இம்முயற்சியில் பணம் கழியவில்லை. பதற்றத்துடன் இரண்டாம் முறை தம் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியே செலுத்தினார். அப்போது கொல்லிமலை அடிவாரத்தில் சென்றுகொண்டிருந்த பேருந்தில் இருந்தார். அலைவரிசை வந்தும் போயும் விளையாடியது. பணம் கழிந்தது, சீட்டு வரவில்லை.

இந்நிலையில் முதலில் செய்ய வேண்டியது, மீண்டும் பணம் செலுத்தாதிருத்தல். பதற்றத்தில் பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர். சீட்டு நிறுவனத்தின் செயலியில் நம் முன்பதிவுகள் அடங்கிய பக்கத்தைப் பார்க்க வேண்டும். மின்னஞ்சலையும், அதன் வேண்டா அஞ்சல் பகுதியையும், குறுஞ்செய்திகளையும் பார்க்க வேண்டும். திரை வெறுமையான பின்னரும் சீட்டு பதிவாகியிருத்தல் உண்டு. அதனை அறியாது இரண்டாம் முறை செலுத்தினால் இரட்டைச் சீட்டு வந்து சேரும். அது பிழையன்று, முறையான விற்பனை. ஆகவே பணம் தானே திரும்பும் விதி அதற்குப் பொருந்தாது. நிறுவனத்தின் இரக்கத்தையும் அதன் விற்பனை நிபந்தனைகளையுமே நம்ப வேண்டியிருக்கும்.

சீட்டு எங்கும் இல்லையெனின், பணப்பரிமாற்ற வரலாற்றைத் திறந்து, அதிலுள்ள பன்னிரண்டு இலக்க யு.டி.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவ்வெண்ணே தொலைந்த செலான் தாளுக்கு ஈடு. நாள், நேரம், தொகை ஆகியவை தெரியும் திரையைப் படமெடுத்து வைத்தலும் நன்று.

இனி, பலர் அறியாத விதி ஒன்று உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அவ்வாண்டு அக்டோபர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தோல்வியுற்ற பரிமாற்றங்களில் பணத்தை எத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பதை அது வரையறுத்தது. வணிகர்க்கு யு.பி.ஐ. வழியாகச் செலுத்திய பணம் கழிந்து, உறுதிச் செய்தி வணிகரை அடையாவிடின், பரிமாற்ற நாளை அடுத்த 5 நாள்களுக்குள் அது தானாகத் திரும்புதல் வேண்டும். இணையத்தில் அட்டை வழியே செலுத்தியதற்கும் அதே 5 நாள்களே. இவை காலண்டர் நாள்கள். ஞாயிறும் விடுமுறையும் கழிக்கப்படா. அதற்கு மேல் தாழ்த்தினால், தாழ்த்தும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரல் வேண்டும். வாடிக்கையாளர் முறையிட்டால்தான் தருவோம் என வங்கி சொல்லலாகாது. தானே வரவு வைத்தல் வேண்டும். இவ்விதியை வகுப்பில் படித்துக் காட்டினோம். ஐயுற்ற ஒன்பதின்மரும் வாய் திறக்கவில்லை.

ஆயினும் அன்று மாலை நிகழவிருந்த தீங்கு, காலையில் நிகழ்ந்ததினும் கொடிது. மாணவர் இணையத்தில் "வாடிக்கையாளர் சேவை" எனத் தேடி, கிடைத்த ஓர் எண்ணுக்குப் பேசியுள்ளார். மறுமுனையில் இருந்தவர் இனிய தமிழில் ஆறுதல் கூறினார். பணத்தை உடனே திருப்ப ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொன்னார். அது கைபேசித் திரையை அயலார் காணச் செய்யும் செயலி. நற்பேறாக அவர் கைபேசியில் இடம் போதவில்லை. எதனை அழிக்கலாம் எனக் கேட்க வந்தபோது செய்தி வெளிப்பட்டது. பணம் இழந்தோரின் பதற்றத்தையே முதலாகக் கொண்டு வாழும் கூட்டம் இது. தேடுபொறியில் காணும் எண்களை நம்பலாகாது. செயலிக்குள் உள்ள உதவிப் பக்கத்தையும், வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணையுமே நாட வேண்டும். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதனைக் கேட்பவர் பணத்தைக் கொடுக்க வந்தவர் அல்லர். ஏமாந்துவிட்டால் காலந் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்கு முறையிடல் வேண்டும். விரைந்து சொன்னால் பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு.

பணம் செலுத்தும் நிலையை எட்டுமுன்னரே நேரும் பிழைகளும் பல. 2024 செப்டம்பர் 22ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை கோல்ட்பிளே என்னும் ஆங்கில இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சிகளுக்குப் புக்மைஷோ தளத்தில் விற்பனை தொடங்கியது. நண்பகலில் தளம் தடுமாறியது. சீட்டு நாடி வந்தோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் என அந்நிறுவனமே பின்னர்க் கூறிற்று. இத்தகைய வேளையில் தளங்கள் மெய்ந்நிகர் வரிசை ஒன்றை அமைக்கின்றன. வரிசையில் நிற்பவர் பக்கத்தைப் புதுப்பித்தால், இடத்தை இழந்து வாலில் சேர நேரலாம். ஒரே கணக்கை இரண்டு கருவிகளில் திறந்து வைத்தாலும் இரண்டும் வெளியே தள்ளப்படலாம். டூரிங் கொட்டகையில் இடம்பிடிக்கத் தம்பியை ஒரு வரிசையிலும் தாம் ஒரு வரிசையிலும் நின்ற சாமர்த்தியம் இங்குச் செல்லாது.

விடுதி மாணவர் கூறும் முறையீடு ஒன்று விந்தையானது. வெளியே இருப்போர்க்குத் திறக்கும் தளம் விடுதி வைஃபையில் மட்டும் திறப்பதில்லை என்பர். காரணம் எளிது. விடுதியில் உள்ள எல்லாக் கருவிகளும் வெளியுலகிற்கு ஒரே முகவரியாய்த் தோன்றும். ஒரே முகவரியிலிருந்து நொடிக்கு நூறு வேண்டுகோள் வந்தால், இஃது இயந்திரத்தின் வேலை எனக் கருதித் தளம் கதவடைக்கிறது. அவ்வேளையில் வைஃபையை நிறுத்திக் கைபேசியின் சொந்தத் தரவில் முயன்றால் பெரும்பாலும் திறக்கும்.

புதிய வங்கி அட்டை கடையில் செல்லுபடியாகி, இணையத்தில் மட்டும் மறுக்கப்படுதல் மற்றொன்று. 2020 முதல் புதிய அட்டைகள் ஏ.டி.எம்.மிலும் கடைக் கருவிகளிலும் மட்டுமே இயங்குமாறு தரப்படுகின்றன. இணையப் பயன்பாட்டை நாமே வங்கியின் செயலியிலோ கிளையிலோ திறந்துகொள்ளல் வேண்டும். புதுக் கைபேசியில் யு.பி.ஐ. பதிந்த முதல் 24 மணி நேரத்தில் தொகை வரம்பும் குறைவு. விற்பனை தொடங்கும் நாளன்று இவற்றைக் கண்டறிவதால் பயனில்லை. முந்திய நாளே பார்த்துக்கொள்ள வேண்டுவன.

பிழையின்றிச் சீட்டு கிடைத்தும் உள்ளே செல்ல இயலாமை ஒன்றுண்டு. இதனைக் கணினியால் தீர்க்க இயலாது. ஏ.ஆர்.ரகுமானின் "மறக்குமா நெஞ்சம்" நிகழ்ச்சி மழையால் தள்ளிவைக்கப்பெற்று, 2023 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தது. கூட்டம் மிகுந்து, சீட்டு வைத்திருந்தோர் பலர் வாயிலிலேயே திரும்பினர். உள்ளே வர இயலாதோர் தம் சீட்டின் படியை மின்னஞ்சலில் அனுப்புமாறு மறுநாள் ரகுமான் கேட்டுக்கொண்டார். சினத்தில் சீட்டைக் கைபேசியிலிருந்து அழித்தவர் என்ன செய்திருப்பார்? நிகழ்ச்சி முடிந்து சில நாள் கழியும் வரை சீட்டையும், வாங்கியதற்குச் சான்றான அஞ்சலையும் காத்தல் வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சியே போதிய சான்று.

5 நாள் கடந்தும் பணம் வாராவிடின், யு.டி.ஆர். எண்ணுடன் செயலியிலேயே முறையிட்டு, வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து, முறையீட்டு எண்ணைப் பெறுதல் வேண்டும். 30 நாளில் மறுமொழி இல்லையெனினோ, மறுமொழி நிறைவளிக்காவிடினோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் இல்லை. வங்கி தவறவில்லை, சீட்டு விற்ற நிறுவனமே தவறியது எனின், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. அங்குத் தமிழிலும் பேசலாம்.

நம் மாணவர்க்கு இவை எவையும் தேவைப்படவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் 4,500 ரூபாயும் கணக்கிற்குத் திரும்பிவிட்டது. அதற்குள் சீட்டுகள் தீர்ந்திருந்தன. ஒருவரும் கோவைக்குச் செல்லவில்லை. அவர் முதல் வகுப்பிற்கு முன்னரே ஒன்பது பேருக்கும் தலைக்கு 500 ரூபாயை அனுப்பி, ஒவ்வொருவரும் பெற்றதாகச் சொன்ன பின்னரே இருக்கையில் அமர்ந்தார். அவர்தம் யாப்பருங்கலக்காரிகைக் குறிப்பேட்டின் பின்னட்டையில் அந்தப் பன்னிரண்டு இலக்க எண் இன்னும் உள்ளது.