கோடையில் ஓர் ஆய்வு: நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகள்

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லும் கணக்கு இது. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் உயரக் குறைவு பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடம்தான் அதிகம். இந்தக் கணக்குக்குள் நம் தெருக் குழந்தைகள் இருக்கிறார்கள். காரணத்தைத் தேடி ஆராய்கிறவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்குக் குறுகிய கால ஆராய்ச்சிப் பயிற்சி நடத்துகிறது. மாணவர் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, ஆய்வுத் திட்டம் எழுதி இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால், கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியோடு இரண்டு மாதம் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டால் சான்றிதழும் ரூ.50 ஆயிரம் உதவித்தொகையும் உண்டு.

பி.எஸ்சி. மாணவர்களுக்கு வேறொரு வாய்ப்பு உள்ளது. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்தில், பெரிய ஆய்வுக்கூடங்களில் இரண்டு மாதம் பயிற்சி பெறலாம்.

எதை ஆராய்வது? சத்துமாவு, தடுப்பூசி, குடிநீர் என நம் வாசலிலேயே கேள்விகள் கிடக்கின்றன. சிறு குழந்தைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து தர வேண்டும் என்பது அரசுத் திட்டம். அது வீடுவரை வருகிறதா? வந்தும் தாய் ஏன் பாதியில் நிறுத்துகிறாள்? அங்கன்வாடி ஊருக்குள் இருந்தால் காலனிக் குழந்தை தினமும் போகிறதா? இரண்டு மாதத்தில் விடை தேடக்கூடியவை இவை. களை எடுக்கப் போகும் தாய் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பாள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த அறிவும் ஆராய்ச்சிக்கு வேண்டும்.

தடை இல்லாமல் இல்லை. அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே பணம் வரும். அதுவரை பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் மாணவர் கையிலிருந்து போகும். விடுமுறையில் கூலிக்குப் போய் வீட்டுக்குக் கொடுக்கும் மாணவருக்கு அந்த இரண்டு மாதமும் இழப்புதான். உதவித்தொகையில் ஒரு பகுதியை முன்பணமாகத் தர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். வேலைக்குப் போய்விட்ட நம்மவர்கள் ஒரு மாணவரின் செலவையாவது ஏற்கலாம்.

2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்திருக்கிறார்கள். மாணவர்களே, அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். கேள்வியை இப்போதே எழுதுங்கள். பேராசிரியரிடம் தயங்காமல் போய்க் கேளுங்கள். நம் குழந்தைகளைப் பற்றிய உண்மையை நாமும் எழுதுவோம்.