பதக்கம் பெறும் கைகள்

1966ஆம் ஆண்டு குடியரசு நாளன்று, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அவர்கள் பரம் வீர் சக்ரா பதக்கத்தை ரசூலன் பீபி என்னும் பெண்மணியிடம் வழங்கினார். உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்திலுள்ள தாமுப்பூர் கிராமத்தைச் சேர்ந்தவர் அவர். அவருடைய கணவர் ஹவில்தார் அப்துல் ஹமீது, நான்கு மாதங்களுக்கு முன் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் உயிர்நீத்திருந்தார். பீரங்கி பொருத்திய ஒரு திறந்த ஜீப்பில் இருந்தபடி, எதிரியின் பேட்டன் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்த்தவர் அவர். 1965 செப்டம்பர் 10ஆம் நாள், மற்றுமொரு டாங்கியோடு பொருதுகையில் குண்டு பாய்ந்து வீழ்ந்தார்.

அப்பதக்கம் வெண்கலத்தால் ஆனது. எம் கிளைகளின் நகை மதிப்பீட்டாளரிடம் காட்டினால், உலோகத்தின் விலை சொற்பமே என்பார். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்தியப் படை அதிகாரி ஒருவரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்த சாவித்திரி கானோல்கர் அதனை வடிவமைத்தார். ததீசி முனிவரின் முதுகெலும்பால் ஆனதாகப் புராணம் கூறும் இந்திரனின் வச்சிராயுதத்தை அதில் அவர் பொறித்தார். விருதைப் பெற்ற முதல் வீரரான மேஜர் சோம்நாத் சர்மா, அவருடைய மகளின் கணவருக்கு உடன்பிறந்தவர். இடக்கையில் மாவுக்கட்டுடன் போர்முனைக்குச் சென்ற அவர், 1947 நவம்பர் 3ஆம் நாள் காஷ்மீரத்தின் பட்காமில் வீரமரணம் எய்தினார்.

இதுவரை பரம் வீர் சக்ரா பெற்றோர் 21 பேர். அவர்களுள் 14 பேருக்கு மறைவுக்குப் பின்னரே அது கிட்டியது. ஆங்கிலேயரின் விக்டோரியா சிலுவையைத் தோற்றுவித்த தொடக்க விதிகளில் மறைந்தோருக்கு இடமளிக்கப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அக்கதவு திறந்தது. நம் குடியரசோ முதல் விருதையே மறைந்த ஒருவருக்கு அளித்தது.

விருதுடன் மாதப்படியும் உண்டு. பரம் வீர் சக்ராவுக்குரிய படி 2017 ஆகஸ்ட் முதல் மாதம் 20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வீரரின் மறைவுக்குப் பின் அது மனைவியைச் சேரும். ஆனால் அவர் மறுமணம் செய்துகொண்டால் படி நின்றுவிடும் என்றும், மறைந்த கணவரின் உடன்பிறந்தாரை மணந்தால் மட்டும் தொடரும் என்றும் நெடுங்காலம் ஒரு நிபந்தனை இருந்தது. இருபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் எஞ்சிய வாழ்வைக் கணவர் வீட்டு வாசலுக்குள் கட்டிவைத்த விதி அது. பாதுகாப்பு அமைச்சகம் அதனை 2017 நவம்பரில்தான் நீக்கியது. மிகவும் தாமதம் என்பதே எம் கருத்து.

விழா ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிந்தைய ஆண்டுகளை வங்கி முகப்பில் இருந்து நாங்கள் காண்கிறோம். பணியில் சேர்ந்த நாளில் தாயின் பெயரில் செய்த நியமனம், திருமணத்திற்குப் பின்னும் மாற்றப்படாமல் கிடக்கும். பின்னர் தாயும் மருமகளும் எம் மேசையின் இருபுறமும் பேசாது அமர்ந்திருப்பர். நியமனம் பெற்றவர் தொகையைப் பெற்றுக்கொள்ள உரியவரேயன்றி, அதனாலேயே அதற்கு முழு உரிமையாளர் ஆகிவிடார் என்பதை அவ்வேளையில் எடுத்துரைப்பது எளிதன்று. படையில் பணியாற்றும் மக்களைப் பெற்ற வாடிக்கையாளர்கள், அவர்கள் அடுத்த விடுப்பில் ஊர் வரும்போது இதனைச் சரிபார்த்து வைக்க வேண்டுகிறோம். போர்க்கால வீரச் சக்ரா விருதுகளைப் பெற்றோரின் குடும்ப ஓய்வூதியத்திற்கு வருமான வரி விலக்கு உண்டு என்பதையும் பலர் அறியாதிருக்கின்றனர்.

ரசூலன் பீபி 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் காலமானார். பதக்கத்தைப் பெற்றுக்கொண்ட நாளுக்குப் பின் அவர் 53 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்.