ஒரே பிலிமில் இரண்டு படம்

1989-ஆம் வருடம் மாசி மாதம். ரயில்வே உத்தியோகத்தில் ஜபல்பூரில் இருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை பேடாகாட் அழைத்துப் போய், நர்மதைக் கரையின் சலவைக்கல் பாறைகளுக்கு நடுவே ஒரு ரோல் முழுக்கப் படம் எடுத்தேன். திருப்பிச் சுற்றும்போது பிலிமின் நாக்கு உள்ளே போகாமல் வெளியே நின்றுவிட்டது. புது ரோல் என்று நினைத்து, மறுவாரம் லைன் வேலைக்குப் போன இடத்தில் பூத்துக் குலுங்கிய பலாச மரங்களை அதிலேயே எடுத்துத் தள்ளினேன்.

கழுவி வந்தபோது அம்மா எது, மரம் எது என்று தெரியாமல் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஒன்றே ஒன்று தப்பியது. அஸ்தமன வானத்துக்கு எதிரே கருநிழலாக நின்ற அம்மாவின் உருவத்துக்குள் மட்டும் பலாசம்பூக்கள் சிவந்திருந்தன. மறுவருடம் அம்மா காலமானார்.

தப்பு நடந்தால் காரணம் தேடுவது எஞ்சினீயர் புத்தி. பிலிமில் வெளிச்சம் படாத இடம் காலி மனை மாதிரி. இரண்டாவது காட்சி அங்கேதான் குடியேறும். வெளுத்த வானத்தில் அதற்கு இடமில்லை.

பிறகு வேண்டுமென்றே செய்து பழகினேன். நிகான் எப்.எம்.2 போன்ற கேமராக்களில் பிலிம் நகராமல் ஷட்டரை மட்டும் ஏற்ற ஒரு சிறு விசை உண்டு. என்னுடையதில் இல்லை. ரீவைண்ட் குமிழை இறுக்கிப் பிடித்து, அடியிலுள்ள பொத்தானை அழுத்தியபடி லீவரைத் தள்ளுவேன். மயிரிழை விலகும், பாதகமில்லை.

இரண்டு காட்சியும் வெளிச்சமானவை என்றால் ஒவ்வொன்றுக்கும் பாதி வெளிச்சமே தரவேண்டும், 100 ஏ.எஸ்.ஏ. பிலிமுக்கு டயலை 200-இல் வைத்தால் சரி. முழுநிலாவுக்குக் குறைக்க வேண்டாம், சுற்றிலும் இருட்டுத்தானே! அதே பிலிமுக்கு எப் 11, 1/125 நொடி போதும். நிலா எந்த மூலையில் விழுந்தது என்று சீட்டில் குறித்துக்கொண்டு, அந்த இடம் இருட்டாக இருக்கும்படி அடுத்த காட்சியை எடுக்கலாம்.

இப்போது டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில் 'மல்டிபிள் எக்ஸ்போஷர்' மெனுவிலேயே இருக்கிறது. 'ஆவரேஜ்' என்று வைத்தால் கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பலாசம் பூக்கும் நாளில் வீட்டுப் பெரியவர்களை வானத்துக்கு எதிரே நிறுத்தி எடுத்துப் பாருங்கள். அதற்கு முன் முகம் தெரிய ஒரு படம் தனியாக எடுத்து வையுங்கள். நர்மதையைப் பார்த்துச் சிரித்த அம்மாவின் முகம் என்னிடம் இல்லை.