8-வது மாசத்துலேயே வலி வந்தா... நர்ஸ் உடனே போடுற அந்த ஊசி எதுக்கு?

37 வாரம் முடியும் முன்பே பிரசவ வலி வந்தால் அது குறைமாத வலி. அடிவயிறு விட்டு விட்டு இறுகும், இடுப்பு வலிக்கும், சிலருக்கு நீர் கசியும். 'சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடிச்சா சரியாகிடும்'னு வீட்டில் காத்திருப்பதில்தான் சிக்கலே.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் வயிற்றில் கை வைத்து, 10 நிமிடத்தில் எத்தனை முறை இறுகுகிறது என எண்ணுவார். குழந்தையின் இதயத்துடிப்பு, தாயின் பிபி, காய்ச்சலையும் பார்ப்பார்.

24 முதல் 34 வாரம் வரை என்றால் டெக்ஸாமெதாசோன் ஊசி. 6 மி.கி. வீதம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 முறை. பலரும் நினைப்பதுபோல இது வலியை நிறுத்தாது. குழந்தையின் நுரையீரல் பக்குவப்படத்தான் இது. முழுப் பலன் கிடைக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை பிரசவத்தைத் தள்ளிப்போடவே நிஃபெடிபின் மாத்திரை.

32 வாரத்துக்கு முன்பே பிரசவம் நெருங்கினால், குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட் கொடுப்பார்கள். இதில் நர்ஸ் அசரவே முடியாது. மருந்து அதிகமானால் மூச்சே திணறலாம். அதனால்தான் அடிக்கடி முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், சிறுநீரை அளக்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் கிராம சுகாதார செவிலியரே முதல் ஊசியைப் போடலாம் என்கிறது 2014-ம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதல். 108-ல் ஏறும்போது, ஊசி போட்ட நேரம் எழுதிய சீட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க. அடுத்த டோஸ் எப்போன்னு அங்கே அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க.