ரெண்டு பக்கம், ஒரு தூக்கம்!

ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் வழியில், பைக்காராவைத் தாண்டினால் நடுவட்டம். சுற்றிலும் தேயிலைத் தோட்டம். மழையும் பனியும் சேர்ந்து இறங்கும் நாட்களில் சாயங்காலமே எதிர்வீடு தெரியாது. வெளியே போய் விளையாடவும் வழியில்லை. 'சேர்ந்து படிக்கிறோம்' என்று நாலு பிள்ளைகள் ஒரே வீட்டில் கூடுவார்கள். புத்தகத்தைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது...

"டேய், ஒரு விடுகதை. பச்சையாப் பறிப்பாங்க, கறுப்பா மூட்டை கட்டுவாங்க, சிவப்பா ஊத்திக் குடிப்பாங்க. அது என்ன?"

தேயிலை! தோட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியா இது? அடுத்தவன் ஜோக்குக்குத் தாவுவான்.

"ஏண்டா, பாடம் எவ்வளவு படிச்சே?"

"கொழுந்து பறிக்கிற கணக்குதான் சார். அங்கே ரெண்டு இலை, ஒரு மொட்டு. இங்கே ரெண்டு பக்கம், ஒரு தூக்கம்!"

மூன்றாமவன் கொஞ்சம் கெட்டிக்காரன். "வரிசையா எட்டு லைன் வீடு. ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் நம்பர். அதுல ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம்பரைக் கூட்டினாலும், அந்தப் பக்கம் இருக்கிறதைக் கூட்டினாலும் ஒரே தொகை. எது அந்த வீடு?"

(விடை கடைசியில். இப்போதே கீழே தள்ளிப் பார்க்க வேண்டாம்!)

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "படிக்கிற சத்தமே கேக்கலையே?" அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாவுக்கு, மார்ச் மாதப் பொதுத்தேர்வு வெறும் மார்க் சமாச்சாரமில்லை. தன் மகளும் முதுகில் கூடை மாட்டுவாளா, மலையிறங்கிக் கல்லூரிக்குப் போவாளா என்கிற கேள்வி அது.

விடுகதை நமக்குப் புதுசல்ல. 'பிசி' என்று தொல்காப்பியமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. லைன் வீட்டுப் புதிருக்கும் ஒரு பெரிய கதை உண்டு. 1914 டிசம்பர். லண்டனிலிருந்து வந்த 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் இதே மாதிரி ஒரு புதிர்; ஆனால் அந்தத் தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் (பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் பெயர் பெற்றவர்) தட்டுத்தடுமாறி விடையைக் கண்டுபிடித்துவிட்டார். அதை நண்பரிடம் படித்துக் காட்டினார். அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே கேட்ட நண்பர், "எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, இப்படி எத்தனை தெரு இருந்தாலும் அத்தனைக்கும் அதிலேயே விடை இருந்தது. பத்திரிகை கேட்ட வீடு 204, தெருவில் மொத்தம் 288. அந்த நண்பர், நம் கும்பகோணத்து ராமானுஜன்!

பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு, "பாத்தீங்களா?" என்று புத்தகத்தை மூடக்கூடாது. 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர் ராமானுஜன். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களை விட்டதால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. வேலை தேடி அலைந்த அந்த வருஷங்கள் சுகமானவை அல்ல.

அப்படியானால் விடுகதையை விரட்டிவிட வேண்டுமா? வேண்டாம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2014-ல் வெளியானது. பொது அறிவுக் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, பதிலைச் சில விநாடி தள்ளிப்போட்டார்கள். அந்த இடைவெளியில், சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். பதிலைத் தெரிந்துகொள்ளத் துடித்த நேரத்தில் பார்த்த முகங்கள், ஆர்வமில்லாத நேரத்தில் பார்த்தவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன.

சூட்சுமம் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. கைபேசியில் விடுகதை பார்த்தால் கேள்விக்குக் கீழேயே விடை. விரல் தள்ளினால் அடுத்தது. காத்திருக்க எங்கே நேரம்?

அதனால் வீட்டில் இப்படிச் செய்து பார்க்கலாம். புதிரைப் போடுங்கள், விடையைச் சொல்லாதீர்கள். "அந்தப் பத்தியை முடி, சொல்றேன்" என்று நிறுத்திவிடுங்கள். பாடத்தையே விடுகதையாக்கினால் இன்னும் நல்லது. "பட்டையைக் கொதிக்கவெச்சா வாயெல்லாம் கசக்கும், குளிர்ஜுரத்துல நடுங்கினவன் எழுந்து நடப்பான். அது என்ன மரம்?" சின்கோனா! மலேரியாவுக்குக் குயினின் கொடுத்த மரம். 1860-களில் ஆங்கிலேய அரசு இதே நடுவட்டத்தில் தோட்டம் போட்டு வளர்த்தது. உயிரியலும் வரலாறும் சேர்ந்து ஒரே விடுகதையில் வந்துவிட்டன, அம்மாவும் திட்டமாட்டார்.

லைன் வீட்டு விடை: ஆறாம் நம்பர். ஒன்றிலிருந்து ஐந்து வரை கூட்டினால் 15. ஏழும் எட்டும் 15. இதே கணக்கு பொருந்தும் அடுத்த தெருவில் 49 வீடுகள். அங்கே எந்த வீடு? இன்றைய பாடத்தை முடித்துவிட்டுக் கண்டுபிடியுங்கள்.