பதினாறு வயதின் பாட்டு

குழந்தைக்குத் தமிழிலே தாலாட்டு உண்டு, பிள்ளைத்தமிழ் உண்டு. காதலர்க்குக் கோவையும் உலாவும் உண்டு. இல்லறத்தாருக்கும், உலகைத் துறந்தவருக்கும் ஆயிரமாயிரம் பாடல்கள் உண்டு. ஆனால் உயர்நிலைப் பள்ளியிலே படிக்கும் பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையின் மனத்தைச் சொல்லும் பாட்டு எது? இந்த வினாவை நம் இல்லங்களிலே எவரும் எழுப்புவதில்லை. பிள்ளைகள் மட்டும் தமக்குள்ளே எழுப்பி, தாமே விடையும் தேடிக்கொள்கிறார்கள். அந்த விடை இன்று கைப்பேசியிலே, காதோடு காதாக ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பருவத்தை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பாட்டியல் நூல்கள் வயதை வகுத்துப் பெயரிட்டிருக்கின்றன. பெண்களில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினள் மங்கை. பதினான்கு முதல் பத்தொன்பது வரை மடந்தை. ஆண்களில் பதினான்கு வரை மறவோன், பதினைந்தில் திறலோன், பதினாறில் காளை என்பது ஒரு கணக்கு. பெயர் இருந்தது, ஆனால் அந்த வயதினர் தம் வாயாலே பேசும் பாட்டு இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு நாம் கொடுத்ததெல்லாம் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும்தான். அவை பொன்னான நூல்கள், ஐயமில்லை. எனினும் அவை பிள்ளையை நோக்கிப் பெரியவர் பேசுபவை. பிள்ளை பேசுபவை அல்ல.

திருமலை ஏறிய சிறுவன்

நாம் குடியேறி வாழும் இந்தச் சித்தூர், திருப்பதிப் பகுதியிலேயே இதற்கு ஒரு பழங்கதை இருக்கிறது. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 1408ஆம் ஆண்டு பிறந்து 1503 வரை வாழ்ந்தவர். அவருடைய வரலாற்றை அவர் பேரர் சின்னன்னா தெலுங்கிலே பாடியிருக்கிறார். அதன்படி, எந்நேரமும் பாடிக்கொண்டிருந்த சிறுவனை வீட்டார் கடிந்துகொண்டார்கள். ஒரு வேலையும் செய்யாமல் பாட்டு என்ன பாட்டு என்று புல்லறுக்க அனுப்பினார்கள். அரிவாள் பட்டு விரல் அறுந்தது. அந்த வலியிலே சிறுவன் வீட்டை விட்டான். திருமலைக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டத்தோடு நடந்துவிட்டான்.

அவர் தமது பதினாறாம் வயதிலே, 1424ஆம் ஆண்டு பாடத் தொடங்கினார் என்று திருமலையில் காக்கப்பட்டு வந்த செப்பேடுகள் கூறுகின்றன; 32,000 பாடல்கள் பாடினார் என்பது மரபு. பக்தர்கள் இதை இறைவன் திருவருள் என்பர். அது ஒருபுறம் இருக்க, பெற்றோராகிய நாம் இதிலே காணத்தக்கது வேறொன்றும் உண்டு. பிள்ளைக்கு ஒன்றிலே ஆர்வம். வீட்டுக்கு வேறொன்றிலே கவலை. இடையிலே ஒரு கடுஞ்சொல். பிள்ளை வாசற்படி தாண்டிவிடுகிறான். ஆறு நூற்றாண்டுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதை, இன்று எந்தத் தெருவிலும் நடக்கக் கூடியதன்றோ?

பாரதியின் பள்ளிக்கூடம்

தமிழிலே பள்ளி மாணவனின் துன்பத்தைத் தன் துன்பமாகவே முதன்முதல் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் மகாகவி பாரதியார். 1910இல் வெளிவந்த ‘கனவு’ என்னும் தமது சுயசரிதைப் பாடலிலே, பத்து வயதில் அரும்பிய காதலையும், பிறகு நெல்லையிலே ஆங்கிலக் கல்விக்கு அனுப்பப்பட்டதையும் மறைக்காமல் பாடினார். தந்தையின் பொருளும் வீண். தன் காலமும் வீண். தன் நாட்டையும் தன் மொழியையும் அறியாமல் அயலாரின் கணக்கையும் சரித்திரத்தையும் மனப்பாடம் செய்தேன் என்பது அவர் முறையீடு. தந்தையிடம் அவருக்குப் பகை இல்லை, பேரன்பு இருந்தது. ஆனால் தந்தையின் ஆசைக்கும் தன் மனத்தின் போக்குக்கும் நடுவே அகப்பட்ட பிள்ளையின் மூச்சுத்திணறல் அந்தப் பாட்டிலே கேட்கிறது.

அறிவுரைக் காலமும் அதன் பின்னும்

திரைப்படம் வந்த பிறகு பாட்டு வீடுதோறும் புகுந்தது. 1950களிலும் 1960களிலும் இளையோருக்கென எழுந்த பாடல்களிலே பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்கள் தலைசிறந்தவை. 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்திலே தம்பியைத் துயிலெழுப்பிய பாட்டும், அவர் மறைந்த பின் 1961இல் வந்த ‘அரசிளங்குமரி’ படத்திலே சிறுவனை அருகழைத்துச் சேதி சொன்ன பாட்டும் இன்றும் மறக்கப்படவில்லை. முறையான பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே பெற்று, 29 வயதிலேயே மறைந்த அக்கவிஞர், பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் அண்ணனாக நின்று பேசினார். ஆயினும் அங்கும் பேசியவர் அண்ணன்தான், தம்பி கேட்டுக்கொண்டிருந்தான்.

தம்பி வாய் திறந்தது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எனலாம். 1979இல் பாலுமகேந்திரா இயக்கிய ‘அழியாத கோலங்கள்’ மூன்று சிறுவர்களின் விடலைப் பருவத்தைக் காட்டியது. அதற்கு இசை சலில் சௌத்ரி. 1981இல் வந்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ உதகையிலே ஓர் உயர்நிலைப் பள்ளியைக் களமாகக் கொண்டது. இளையராஜா இசையிலே அமைந்த அப்படத்துப் பாடல்களில் காதலின் தவிப்பு உண்டு. நண்பர் கூட்டத்தின் களிப்பு உண்டு. விடுதிச் சாப்பாட்டைக் கேலி செய்யும் பாட்டும் உண்டு. விடுதியிலே தங்கிப் படித்தவர் எவராயினும், அந்தக் கேலிக்குள்ளே வீட்டுச் சோற்றுக்கான ஏக்கம் ஒளிந்திருப்பதை உணர்வார்.

2004இல் சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ வந்தது. அதிலே ‘ஒவ்வொரு பூக்களுமே’ என்னும் பாட்டுக்காகக் கவிஞர் பா. விஜயும், பாடிய சித்ராவும் தேசிய விருது பெற்றனர். தோல்வியால் துவண்ட பிள்ளைக்கு, ‘எழுந்திரு’ என்று அதட்டாமல், அருகிலே அமர்ந்து தேற்றுவது போன்ற பாட்டு அது. 2018இல் வந்த ‘96’ படத்திலோ, தஞ்சாவூரிலே பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் வகுப்பிலே அழகாகப் பாடுவாள். அவள்மேல் அன்பு கொண்ட மாணவன் 1991ஆம் ஆண்டின் ‘தளபதி’ படத்துப் பாட்டொன்றைப் பாடமாட்டாளா என்று ஏங்குவான். அவள் அதை மட்டும் பாடமாட்டாள். சொல்ல வாய் வராததைப் பாட்டைக் கொண்டு சொல்வதும், சொல்லாமலே விடுவதும் இந்தப் பருவத்தின் இயல்பு என்பதை இதைவிட அழகாகக் காட்ட இயலாது.

இது நமக்கு மட்டும் உரிய செய்தி அன்று. அமெரிக்காவிலே சக் பெர்ரி 1957இல் பள்ளி நாளையே பாட்டாக்கினார்: பாடம், மணியோசை, மணி அடித்த கணத்திலே இசைப்பெட்டியை நோக்கி ஓட்டம். 1975இல் ஜேனிஸ் இயன் என்னும் பாடகி, தான் அழகி அல்லள் என்று எண்ணி ஒதுங்கி நிற்கும் பதினேழு வயதுப் பெண்ணின் தனிமையைப் பாடி உலகப் புகழ் பெற்றார். கடல் கடந்தாலும் பதினேழு வயதின் கண்ணீருக்கு உப்பு ஒன்றுதான்.

காளத்தியிலிருந்து ஒரு குரல்

நம் பக்கத்து ஊராகிய திருக்காளத்தியிலே படித்த மாணவர் ஒருவரை நினைவுகூராமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. எஸ். பி. பாலசுப்பிரமணியம் ஹரிகதைக் கலைஞர் சாம்பமூர்த்தியின் மகன். நகரியிலும் காளத்தியிலும் பள்ளிப் படிப்பு. திருப்பதியிலே புதுமுக வகுப்பு. மகன் பொறியாளராக வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். அனந்தபுரத்திலே பொறியியல் படிப்பிலே சேர்ந்தார்; நச்சுக்காய்ச்சலால் அது தடைப்பட்டது; சென்னைக்கு வந்து படிப்பைத் தொடர்ந்தார். அங்கே இசைப் போட்டியிலே பரிசு பெற்று, 1966இல் தெலுங்குப் படத்திலும், 1969இல் தமிழிலே ‘அடிமைப்பெண்’ படத்திலும் பாடிப் புகழின் படியேறினார். 2020 செப்டம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தபோது இரு மொழியாரும் ஒருங்கே அழுதனர்.

‘பன்னீர் புஷ்பங்கள்’ படத்து மாணவனுக்குத் தமிழிலே குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். 2008இல், இண்டர்மீடியட் மாணவர்களைப் பற்றிய ‘கொத்த பங்காரு லோகம்’ என்னும் தெலுங்குப் படத்திலே, சிரிவெண்ணெல சீதாராம சாஸ்திரி எழுதிய சிந்தனைப் பாட்டைத் தமது 62ஆம் வயதிலே பாடியவரும் அவரே. அவரவர் வினாவுக்கு அவரவரே விடை காண வேண்டும் என்னும் கருத்துடைய அப்பாட்டு, அறிவுரை போல ஒலிக்காமல், வழித்துணைவன் பேச்சுப் போல ஒலிக்கிறது. பிள்ளைகள் கேட்பது இத்தகைய குரலையே.

இரண்டு வாழ்த்துகளுக்கு இடையே

நம் பிள்ளைகளுக்கு மற்றொரு சுமையும் உண்டு. 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது அங்கே சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழகம் சென்றது. சத்தியவேடு இப்பக்கம் வந்தது. எல்லைக் கோடு வரைபடத்திலே ஒரு முறை மாறியது. நம் பிள்ளைகளின் நாவிலோ நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கிறது. வீட்டிலே தமிழ், தெருவிலே தெலுங்கு, பாடப் புத்தகத்திலே ஆங்கிலம். பள்ளியிலே திருச்சானூர் சங்கரம்பாடி சுந்தராசாரியார் இயற்றிய தெலுங்குத் தாய் வாழ்த்து. சங்க விழாவிலே மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்து. இரு சுந்தரர்களும் நம் பிள்ளைகளுக்கு உரியவர்களே. ஆயினும் தமிழ்ப் பிள்ளையின் தெலுங்கு உச்சரிப்பைக் கேட்டு வகுப்பிலே சிலர் சிரிப்பதும், விடுமுறைக்கு ஊர் சென்றால் அவன் தமிழைக் கேட்டு உறவினர் சிரிப்பதும் பதினைந்து வயதிலே சிறிய துன்பம் அன்று. தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளையும் தமிழ்ப் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடுவதைப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைக்குத் தாய்மொழி பாட்டு வழியாகவே உயிரோடு இருக்கிறது. பாட்டை நிறுத்தச் சொல்வது அந்தக் கதவையும் சாத்துவதாகும்.

தேர்வுச் சுமையைப் பற்றித் தனியே சொல்லவும் வேண்டுமோ? பத்தாம் வகுப்பு முடிந்ததும் திருப்பதியின் விடுதிக் கல்லூரிகளிலே பிள்ளையைச் சேர்த்துவிட்டு, வாரத்திற்கு ஒரு முறை தொலைபேசியிலே, “மார்க்கு எவ்வளவு?” என்று கேட்கும் பெற்றோர் நம்மிலே பலர். கடன் பட்டுப் பணம் கட்டிய தந்தைக்கு அந்தக் கேள்வி இயல்பானதே. ஆனால் மறுமுனையிலே இருக்கும் பிள்ளைக்கு அது ஒன்றே தன் விலை என்று தோன்றிவிடுகிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாட்களிலே செய்தித்தாள்களில் வரும் துயரச் செய்திகளை நாம் அறிவோம். அவற்றை அடுத்த வீட்டுச் செய்தி என்று மடித்து வைத்துவிடலாகாது.

பெற்றோர் செய்யத் தக்கவை

முதலாவது, பிள்ளை கேட்கும் பாட்டை ஒரு முறை உடனமர்ந்து கேளுங்கள். நன்று, தீது என்று தீர்ப்பளிக்க வேண்டா. “இதிலே உனக்குப் பிடித்த இடம் எது, கண்ணு?” என்று கேட்டால் போதும். நேரே கேட்டால் வராத பதில் பாட்டைக் குறித்துக் கேட்டால் வரும்.

இரண்டாவது, நீங்கள் அந்த வயதிலே கேட்ட பாட்டைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பதினாறு வயது இருந்தது என்பதைப் பிள்ளைகள் நம்புவதற்கு அதைவிடச் சான்று வேறில்லை.

மூன்றாவது, சோகப் பாட்டைக் கண்டு அஞ்ச வேண்டா. துன்பத்தைப் பாட்டிலே கரைப்பது மனித இயல்பு. ஆனால் பிள்ளை வாரக்கணக்கிலே உணவைக் குறைத்து, உறக்கம் கெட்டு, நண்பரை ஒதுக்கி, தான் இருந்து என்ன பயன் என்பது போலப் பேசினால் அது பாட்டின் குற்றம் அன்று; உதவி கேட்கும் குறி. அப்போது அதட்டலும் ஆகாது, தாமதமும் ஆகாது. தனியே விடாமல் அருகிலே இருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரிலே இந்திய அரசு தொடங்கிய ‘டெலி-மானஸ்’ என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணிலே கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். இந்த எண்ணை வீட்டுச் சுவரிலே நாட்காட்டியின் அருகே எழுதி வைப்பது நன்று.

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவிலே பிள்ளைகளை மேடையேற்றி நாம் விரும்பும் பாடல்களையே பாடச் செய்கிறோம். இனி அரை மணி நேரமாவது அவர்கள் விரும்பும் பாடல்களை, முடிந்தால் அவர்களே இயற்றிய பாடல்களை, பாட விடுவோம். தமிழிலே எழுதினாலும் சரி, இரு மொழி கலந்து எழுதினாலும் சரி. இலக்கணப் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். முன்வரிசையிலே நாம் அமர்ந்து கேட்கிறோம் என்பதை அவர்கள் கண்டால் அதுவே பெரும் ஊக்கம்.

அன்னமய்யாவின் வீட்டார் அன்று ஒரு நாழிகை அச்சிறுவனின் பாட்டைக் கேட்டிருந்தால் அவர் வீட்டை விட்டே சென்றிருக்கமாட்டார். அவருக்குத் திருமலை வாய்த்தது. வீட்டை விட்டு நடக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை. ஆகவே பாட்டு நம் வீட்டிலேயே ஒலிக்கட்டும். கேட்கும் செவியும் நம் வீட்டிலேயே இருக்கட்டும்.